கடை வாசலில் நாள் பலகை வைக்க நினைப்பவர்களுக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் நான் நடத்துவது ஒரு சின்னப் போட்டோக் கொப்பிக் கடை. கொப்பி, பேனை, மட்டை, ஒட்டுப் பசை எல்லாம் உண்டு என்றாலும் சனம் வருவது பிரதி எடுக்கத்தான். இயந்திரம் பழையது. சூடாகி முதல் தாள் வெளியே வருவதற்குள் வந்தவர் மூன்று முறை நேரம் கேட்டுவிடுவார். அந்த இடைவெளியை நிரப்பத்தான் வாசலில் ஒரு கரும்பலகையைத் தொங்கவிட்டு, அன்றைய நாளுக்கு உலகத்தில் என்ன பெயர் என்று எழுத ஆரம்பித்தேன். எட்டு வருடமாகிறது. இப்போது பிரதி எடுக்க ஒன்றும் இல்லாதவர்களும் சைக்கிளை நிறுத்தி வாசித்துவிட்டுப் போகிறார்கள். ரியூசன் பிள்ளைகள் வணக்கம் சொல்வதற்கு முன் கேட்பது, "அன்ரி, இன்றைக்கு என்ன நாள்? லீவு உண்டா?"

லீவு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பௌர்ணமிக்கெல்லாம் விடுமுறை விடுகிற நாட்டில், உலகத் தேங்காய் நாளுக்கு ஏன் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று பிள்ளைகள் கேட்பதில் நியாயம் உண்டுதான்.

போன மாதம் ஆரையம்பதியிலிருந்து வந்த ஒரு தம்பி, தன் சலூனுக்கும் இப்படி ஒரு பலகை வைக்க வேண்டும், எப்படித் தொடங்குவது என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 200 பக்க சீஆர் கொப்பி ஒன்று வாங்குங்கள். என்னிடமே வாங்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தின் நடுவே ஒரு கோடு இழுத்து, மேலே ஒரு நாள், கீழே ஒரு நாள் என்று திகதி போட்டால், பெப்ரவரி 29ஐயும் சேர்த்து 183 பக்கம் முடியும். மீதி 17 பக்கம் நகரும் நாட்களுக்கு. தீபாவளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், உயிர்த்த ஞாயிறு, மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம், மே மாதத்து இரண்டாம் ஞாயிறு வரும் அன்னையர் நாள் எல்லாம் வருடத்துக்கு வருடம் இடம் மாறும். அவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். நான் முதல் வருடம் பேனையால் எழுதி, இரண்டாம் வருடம் அந்தக் கொப்பியை அடுப்பில் போட்டேன்.

கொப்பி வந்தவுடன் கைபேசியைத் திறந்து வேடிக்கையான நாட்களைத் தேட வேண்டாம். முதலில் எழுத வேண்டியது, பலகை வெறுமையாக இருக்க வேண்டிய நாட்களை. சுனாமி வந்த டிசம்பர் 26இல் கல்லடியிலோ நாவலடியிலோ பகிடி எழுத யாருக்கும் கை வராது. ஏப்ரல் 21, 2019இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் போன நாள். பள்ளிவாசலில் தொழுதவர்கள் கொல்லப்பட்ட ஓகஸ்ட் 3, 1990ஐ காத்தான்குடியில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. உங்கள் ஊருக்கும் உங்கள் வீதிக்கும் இப்படிச் சில இருக்கும். அவை கைபேசியில் கிடைக்காது. வயதானவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். நவம்பர் 23ஐ 'பிபோனாச்சி நாள்' என்பார்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னே போட்டு 11/23 என்று எழுதுவதால் 1, 1, 2, 3 என்று அந்தக் கணிதத் தொடர் வருகிறதாம். அழகாக எண்களை வரைந்து, பக்கத்தில் ஒரு நத்தையும் கீறி வைத்தேன். மத்தியானம் ஓய்வூதியப் படிவம் பிரதி எடுக்க வந்த ஓர் அம்மா பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இன்றைக்குச் சூறாவளி அடித்த நாள் மகள்" என்றார். 1978 நவம்பர் 23. மட்டக்களப்பில் தென்னை நின்ற இடமெல்லாம் விறகாய்க் கிடந்த இரவு. நான் அப்போது கைக்குழந்தை. அம்மா என்னைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக் காத்த கதையை நூறு தரம் கேட்டு வளர்ந்தவள். அப்படியிருந்தும் நத்தை கீறியிருக்கிறேன். நத்தையை அழித்துவிட்டு அந்த அம்மாவுக்குக் கதிரை போட்டேன். படிவத்தை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் கதை சொன்னார்.

அடுத்து நம்முடைய ஆட்களை எழுதுங்கள். பாலு மகேந்திரா 1939 மே 20இல் பிறந்தது இந்த வாவிக்கரை அமிர்தகழியில். எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17இல் பிறந்தது கண்டிப் பக்கம் நாவலப்பிட்டியில். இலங்கை உலகக் கிண்ணம் வென்றது 1996 மார்ச் 17இல், லாகூரில். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அதே மார்ச் 17 அயர்லாந்துக்காரர்களுக்கும் பெரிய நாள்தான். ஆனால் என் பலகையில் அன்று அவர்களுக்கு இடமில்லை. ஒக்டோபர் 31இல் 'காளிதாஸ்', 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம். டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி, 1925. இப்படி ஐம்பது அறுபது சேர்ந்துவிட்டால் கொப்பிக்கு உயிர் வந்துவிடும்.

மூன்றாவதாகத்தான் உலகத்து விசித்திர நாட்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: அறிவித்தது யார், எந்த வருடம், ஏன் இந்தத் திகதி? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் எழுதுங்கள். இரண்டுக்குக் கிடைத்தால் பென்சில். ஒன்றுக்கும் கிடைக்காவிட்டால், அது யாரோ சாமான் விற்க உண்டாக்கிய நாளாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

செப்டெம்பர் 2 உலகத் தேங்காய் நாள். ஆசிய பசிபிக் தென்னைச் சமூகம் என்ற நாடுகளின் அமைப்பு 1969இல் அதே திகதியில் தொடங்கியது. மூன்று பதிலும் கிடைத்துவிட்டன. மே 21 தேயிலை நாள், ஐக்கிய நாடுகள் சபை 2019இல் அறிவித்தது. அதற்கு முன் தேயிலை விளையும் நாடுகள் டிசம்பர் 15இல் கொண்டாடிக்கொண்டிருந்தன. நவம்பர் 19 மலசலகூட நாள், சிங்கப்பூர்க்காரர் ஜாக் சிம் 2001இல் அன்றைய திகதியில் தொடங்கிய அமைப்பிலிருந்து வந்தது; 2013இல் ஐக்கிய நாடுகள் சபையும் ஏற்றுக்கொண்டது. இதைப் பலகையில் எழுதலாமா என்று இரண்டு வருடம் தயங்கினேன். எழுதிய அன்று ஆண்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சுனாமி முகாமில் இருட்டும் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்ததைப் பற்றி இரண்டு பேர் என் கடை வாசலில் நின்று பேசினார்கள். அந்த நாள் இப்போது பேனையால் எழுதப்பட்டிருக்கிறது.

பெரிய அமைப்பு அறிவித்தால்தான் எழுத வேண்டும் என்றில்லை. கடற்கொள்ளையர் போலப் பேசும் நாள் என்று செப்டெம்பர் 19 இருக்கிறது. 1995இல் ஜான் பாவர், மார்க் சம்மர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க நண்பர்கள் தங்களுக்குள் வேடிக்கையாய்த் தொடங்கியது. 2002இல் டேவ் பாரி என்ற பத்தி எழுத்தாளர் பத்திரிகையில் எழுதப்போய் ஊரெல்லாம் பரவியது. நாவலடிப் பக்கத்து மீனவர் ஒருவர் வாசித்துவிட்டு, "எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறவர்கள் பேசுவதைப் போலவா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் பேசிக் காட்டியதை இங்கே எழுத முடியாது.

மே 25 துவாய் நாள். டக்ளஸ் அடம்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 2001 மே 11இல் இறந்துபோக, இரண்டு வாரம் கழித்து அவருடைய வாசகர்கள் துவாயும் கையுமாக வெளியே போய் அவரை நினைத்தார்கள். விண்வெளியில் ஊர் சுற்றுகிறவனுக்குத் துவாயைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை என்று அவர் கதையில் வரும். இதை எழுதிவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்: சந்தைக்குப் போகிறவர், ஓட்டோக்காரர், கோயில் ஐயா, எல்லோர் தோளிலும் துவாய். மட்டக்களப்பைப் போல அந்த நாளைக் கொண்டாடிய ஊர் உலகத்தில் இருந்திருக்காது. கொண்டாடுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

மே 4ஐ மட்டும் விட்டுவிடுங்கள். ஸ்டார் வோர்ஸ் நாள். ஆங்கிலத்தில் அந்தத் திகதியைச் சொன்னால் படத்தில் வருகிற வாழ்த்து மாதிரிக் காதில் விழுமாம். நான் அதை விளக்கி முடிப்பதற்குள் ஒருவருக்குப் பன்னிரண்டு பக்கம் பிரதி எடுத்து முடிந்துவிட்டது. விளக்கம் வேண்டியிருக்கிற சிலேடை பலகைக்கு ஆகாது.

இனி, திகதி பிழைக்கும் இடங்கள். பெரும்பாலான சங்கடங்கள் இங்கேதான்.

கைபேசியில் வருவதில் பாதி இந்தியாவிலிருந்து வருகிறது. அங்கே ஆசிரியர் நாள் செப்டெம்பர் 5. உலக ஆசிரியர் நாள் ஒக்டோபர் 5. நமக்கு ஒக்டோபர் 6. சிறுவர் நாள் அங்கே நவம்பர் 14, இங்கே ஒக்டோபர் 1. முதல் வருடம் செப்டெம்பர் 5இல் 'இன்று ஆசிரியர் தினம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். காலையில் மட்டும் பதினான்கு பேனை, ஒன்பது வாழ்த்து மட்டை விற்பனை. பின்னேரம் ஒரு டீச்சர் வந்து, ஒரு மாதம் முன்பே பரிசு வாங்கிய கூச்சத்தோடு, "இனி ஒக்டோபரில் பிள்ளைகள் திரும்பவும் வாங்குவார்களே" என்றார். வாங்கினார்கள். எனக்கு நட்டமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம், பலகையில் எதை எழுதினாலும் "இது நம் நாட்டிலா, அந்த நாட்டிலா?" என்று கேட்டார்கள்.

நேர வித்தியாசம் இன்னொரு வலை. இதற்கு ஜூலை மூன்றாம் வாரத்தைப் போல நல்ல பாடம் கிடையாது. அந்த வாரத்தை நான் எப்படி எழுதுகிறேன் என்று சொன்னாலே மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

ஜூலை 17 இமோஜி நாள். ஜெரமி பேர்ஜ் என்பவர் 2014இல் தொடங்கியது. ஏன் 17? கைபேசியில் இருக்கிற சின்ன நாட்காட்டிப் படத்தை உற்றுப் பாருங்கள். அதில் ஜூலை 17 என்று போட்டிருக்கும். ஆப்பிள் நிறுவனம் தன் நாட்காட்டிச் செயலியை 2002இல் அறிமுகம் செய்த திகதி அது. அன்று பலகையில் பதிலை எழுதுவதில்லை. 'உங்கள் கைபேசியில் இருக்கும் நாட்காட்டிப் படத்தில் என்ன திகதி?' என்று மட்டும் எழுதுவேன். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் குனிந்து தேடுவார்கள். இயந்திரம் அன்று எவ்வளவு மெதுவாக ஓடினாலும் ஒருவரும் முறைப்பாடு சொல்ல மாட்டார்.

ஜூலை 19, விபுலாநந்த அடிகள் மறைந்த நாள், 1947. காரைதீவில் பிறந்தவர், அடக்கமானது இங்கே, கல்லடி உப்போடையில். அவர் பெயரும் வருடமும் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை. என் கடையைக் கடந்துதான் சமாதிக்குப் பூக் கொண்டு போகிறவர்கள் நடப்பார்கள்.

ஜூலை 20இல் மனிதன் நிலவில் இறங்கினான் என்று எல்லா இடத்திலும் இருக்கும். நானும் 1969 ஜூலை 20 என்று எழுதினேன். இளைப்பாறிய ஒரு மாஸ்டர், வெள்ளை வேட்டி, கையில் குடை, வாசித்துவிட்டுத் தலையாட்டினார். "நான் றேடியோவில் கேட்டது காலையில். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற நேரம். 21ஆம் திகதி, திங்கட்கிழமை." வயது போனவர், மாறிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஆம்ஸ்ட்ரோங் நிலவில் கால் வைத்தது உலகப் பொது நேரப்படி 21ஆம் திகதி அதிகாலை 2.56. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. காலை 8.26. அமெரிக்காவில்தான் அது 20ஆம் திகதி இரவு. மாஸ்டர் சொன்னது அச்சொட்டாகச் சரி. அடுத்த நாள் அவர் வந்தபோது பலகையை மாற்றி எழுதியிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. குடையால் பலகையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வெளிநாட்டுச் சம்பவம் என்றால் ஐந்தரை மணியைக் கூட்டிப் பார்க்காமல் எழுதுவதில்லை.

ஜூலை 22 எனக்குப் பிடித்த நாள். பை என்ற எண்ணுக்கு மார்ச் 14ஐத்தான் உலகம் கொண்டாடுகிறது, 3.14 என்பதால். சான் பிரான்சிஸ்கோ அறிவியல் காட்சியகம் ஒன்றில் லாரி ஷோ என்பவர் 1988இல் ஆரம்பித்தது. ஆனால் மாதத்தை முன்னே எழுதினால்தான் அது வரும். நாம் நாளை முன்னே எழுதுகிறவர்கள். நம் வழக்கப்படி 22/7 என்றால் ஜூலை 22; வட்டத்தின் பரப்பளவுக்கு நம் பிள்ளைகள் தலைகீழாய்ப் பாடம் வைத்திருக்கிற அதே 22/7. அன்றுதான், 2010இல், முத்தையா முரளிதரன் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். ஓஜா அடித்ததை மஹேல பிடித்தார். ஒரு வட்டம் கீறி, அதையே பந்தாக்கித் தையலும் போட்டுவிட்டால் இரண்டுக்கும் ஒரே படம். சாதாரணதரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த நாள் ஜூலை 23; 1983இல் கறுப்பு ஜூலை தொடங்கிய நாள். பந்தை அழித்துவிட்டுப் பலகையை அப்படியே விட்டுவிடுவேன்.

ஒரே ஆளுக்கு இரண்டு திகதி வந்தால் இரண்டுக்கும் காரணம் தேடுங்கள். பல நேரம் இரண்டிலும் கதை இருக்கும். இளையராஜா பிறந்தது ஜூன் 3. அதே நாள் கலைஞர் கருணாநிதிக்கும் பிறந்தநாள் என்பதால், தன்னுடையதை 2ஆம் திகதிக்கு மாற்றிக்கொண்டார். பாரதியார் உயிர் பிரிந்தது 1921 செப்டெம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்து. ஆகவே 12 என்றும் எழுதுவார்கள். பலகையில் ஒரு வரியில் இதைச் சொல்லிவிட்டால் பிழை பிடிக்க வருகிறவர் சிரித்துக்கொண்டே போவார்.

சுற்று எண்களுக்கு ஒரு சுலபமான வழி. ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருடத்திலிருந்து 25, 50, 75, 100 கழித்து நான்கு வருடங்களைக் கொப்பியின் உள்மட்டையில் எழுதிவிடுங்கள். இந்த 2026க்கு 2001, 1976, 1951, 1926. கொப்பியில் அந்த வருடங்கள் எங்கே வருகின்றன என்று விரலால் தேடினால் போதும். துவாய் நாளுக்கு இந்த வருடம் 25. 2027 ஜூன் 24இல் கண்ணதாசனுக்கு நூறு. மெல்லிசை மன்னர் விஸ்வநாதனும் அதே ஜூன் 24இல், அடுத்த வருடம் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் இப்போதே ஒரு கடதாசி செருகி வைத்திருக்கிறேன்.

இனி எழுதும் வேலை. மூன்று வரிக்கு மேல் வேண்டாம். சைக்கிளில் போகிறவர் மிதிப்பதை நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். வருடத்தை எண்ணில் எழுதுங்கள்.

நான் இடதுகைக்காரி. தமிழ் இடமிருந்து வலம் போவதால், எழுதிய எழுத்தின் மேலேயே என் கை ஊர்ந்து போகும். வரி முடியும்போது முதல் சொல் புகையாகிவிடும். சின்ன வயதில் இந்தக் கைக்காக அடிமட்டத்தால் வாங்கிய அடியெல்லாம் கணக்கில் இல்லை. தீர்வு தேத்தண்ணி ஊற்றும் மேசையில் கிடைத்தது. அரைக் கோப்பைத் தண்ணீரில் மூன்று கரண்டி சீனி கரைத்து, வெண்கட்டியைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் கரைந்துவிடும். ஈரத்தோடு எழுதும்போது எழுத்து மங்கலாய்த்தான் தெரியும், பயப்பட வேண்டாம். காய்ந்ததும் பால் போல வெளுத்து நிற்கும், கை பட்டாலும் போகாது. மாரி காலத்துத் தூறலையும் ஓரளவு தாங்கும். கடை பூட்டும்போது ஈரத் துணியால் துடைக்க மறக்காதீர்கள். மறந்தால் காலையில் எறும்பு வாசிக்கும்.

ஓகஸ்ட் 13 இடக்கையர் நாள். முதல் தடவை கொண்டாடியது 1976இல் என்பதால் இந்த வருடம் ஐம்பது. அன்று மட்டும் நான் எழுதுவதில்லை. கடைக்கு வருகிற வலதுகைக்காரர் யாரிடமாவது வெண்கட்டியைக் கொடுத்து, இடது கையால் எழுதச் சொல்வேன். போன வருடம் மீன் கொண்டு வருகிற காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) கொடுத்தேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'இடக்கையர் நாள்' என்று எழுதி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. 'ள்' பலகைக்கு வெளியே சுவரில் விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கூடையில் மீன் காய்கிறது என்று கத்திக்கொண்டே காக்கா புறப்பட்டார். அன்று இரவு அதைத் துடைக்க மனம் வரவில்லை. காலையில் பார்த்தபோது, சுவரில் இருந்த 'ள்' முழுவதும் எறும்பு.